துவைத்துக் கொடுத்த சட்டை

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். இதை நான் ஆஸ்பத்திரியில் சொன்னேன், போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன், கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றும் சொன்னேன். எங்கே சொன்னாலும் எதிரில் இருக்கிற ஆளின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். எந்தப் பொம்பளைதான் புருஷன் குடிகாரன் என்று ஒத்துக்கொள்வாள் என்கிற சிரிப்பு. அதைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அடப் பாவிகளா, குடிக்கிறவராக இருந்தால் குடிக்கிறார் என்று சொல்லித் தொலைக்க மாட்டேனா? எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதைத்தானே பொழுது விடிந்தால் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் கேரள பார்டருக்கு உள்ளே. எருத்தேன்பதிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இறக்குகிற கள்ளை அளந்து, கேனில் ஊற்றி, வேனில் ஏற்றிவிடுவது அவருடைய வேலை. மரம் ஏறுகிறவர்கள் வேறு. வேன் பெர்மிட் சீட்டோடு தெற்கே எந்தெந்த ஊருக்கோ போகும். கள்ளுக் கேனின் மூடியை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் மூடி தெறித்துவிடும். அதனால் அரைத் திருகு திருகித்தான் தோளில் தூக்குவார்கள். வேன் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் நுரை வழிந்து தோளெல்லாம் நனைந்துவிடும். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறவள். கேன் அழுத்தித் தோள் புண்ணாகிறது என்று அவருடைய காக்கிச் சட்டைகள் எல்லாவற்றிலும் வலது தோளில் பழைய ஜமுக்காளத் துணியை நாலாக மடித்து மெத்தை மாதிரி தைத்துக் கொடுத்திருந்தேன். அந்த மெத்தை வழிகிற கள்ளையெல்லாம் குடித்துக்கொள்ளும். பத்து மணி வெயில் ஏறினால் அது புளித்து ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், தெருமுனையில் மொபெட் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

இருபது வருஷம் அந்தச் சட்டைக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

"ஏனுங்க, அந்தச் சட்டையோட ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்சீங்கன்னா பாத்துக்குங்க!" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன்.

அவர் வெளிக் குழாயடியிலேயே நின்று சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் எறிவார். "நாள் பூரா தூக்கற எனக்கு ஒண்ணும் ஏறலை. வாடையிலயே உனக்கு ஏறிப்போச்சாட்ட இருக்குது, அம்மிணி" என்பார். அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், கோபத்திலும் அதுதான்.

அவர் குடிக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. விரதமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் குடித்துப் பார்த்து இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தாராம். அதன் பிறகு மரமேறிகள் எவ்வளவு கேலி செய்தாலும் ஒரு வாய் தொட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வேனை அனுப்பிவிட்டு, சாப்பிடுவதற்காக மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் பாலத்து வளைவில் எதிரே ஒரு கார் அவர் பக்கத்துக்கே ஏறி வந்து அடித்தது. பாலத்தடி டீக்கடைக்காரர்தான் முதலில் ஓடினார். காரை ஓட்டி வந்த ஆள் இறங்கி நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் மெதுவாத்தான் வந்தேன், மெதுவாத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். பக்கத்தில் போனவர்களுக்கெல்லாம் குப்பென்று அடித்ததாம். பார்டருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஆள். காலையிலேயே இங்கே கள்ளு ஷாப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் அளந்து ஏற்றிய கள்ளாகக்கூட இருந்திருக்கும், யார் கண்டது?

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். தலையில் அடி. ஒரு அட்டெண்டர் பிளாஸ்டிக் கவர் ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே கத்தரியால் வெட்டி எடுத்த காக்கிச் சட்டை. ரத்தமும் கள்ளும் கலந்து நாறியது. கவரைக் கொடுத்துவிட்டு மூக்கைச் சுளித்து, பக்கத்தில் நின்றவரிடம், "வெள்ளமடிச்சிட்டு வண்டி ஓட்டியிருக்கான்" என்றார் அவர் மலையாளத்தில். வெள்ளமடி என்றால் அங்கே குடி. எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

மானம் போய்விட்டது எனக்கு. அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் நிற்கிறேன், அந்த நேரத்திலும் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எதிர்க் கடையில் ஒரு பார் சோப்பு வாங்கினேன். வார்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் குந்தி, அந்தச் சட்டையைத் தேய்த்தேன். தோள் மெத்தையை விரல் வலிக்கிற வரைக்கும் தேய்த்தேன். ஒரு தடவை அலசி முகர்ந்து பார்த்தேன், வாடை இருந்தது. மறுபடி சோப்புப் போட்டேன். மூன்றாவது தடவை அலசியபோது சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. பிழிந்து கொடியில் காயப் போட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சே வந்தது. அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று நினைத்தேன், முட்டாள்.

அவர் பிழைத்தார். நாற்பது நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கை தூக்க வராது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி வரும். என்னைத் தெரிகிறது, கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிற எங்கள் மகளைத் தெரிகிறது. ஆனால் அடிபட்ட நாள் அவர் மண்டையில் இல்லவே இல்லை. காலையில் சொன்னது சாயங்காலம் இருக்காது.

பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். ராவுத்தர் வீட்டுப் பையன், அப்பாவுக்குத் துணிக்கடை. நல்ல மனுஷன். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரவழைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அம்மா, காயச் சர்டிபிகேட்டில மது வாடை உண்டுன்னு டாக்டர் எழுதியிருக்கார். அவர் குடிச்சிருந்தாரா?"

"இல்லீங்க! அது சட்டை வாடைங்க. கேன் தூக்கற சட்டைங்க அது." தோள் மெத்தை, வழிகிற நுரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிப் போடுங்க! அந்தச் சட்டை இருக்கா? லேபுக்கு அனுப்பிச்சுடலாம். கள்ளு துணியிலதான் ஊறியிருந்துச்சுன்னு காட்டிட்டா அந்த வரியே அடிபட்டுப் போகும்."

நான் அடுத்த நாளே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, வெட்டின இடத்தையும் தைத்து, மடித்துக் கொண்டுபோனேன். எவ்வளவு பெருமையாகப் போனேன் என்று நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. வக்கீல் சட்டையைப் பிரித்தார். தோள் மெத்தையை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு அதை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லைம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காரை ஓட்டினவன் மேல் போலீஸ் போட்ட கேஸ் முதலில் முடிந்தது. அன்றைக்கு ஊதச் சொல்கிற மிஷினில் காகிதம் தீர்ந்து போயிருந்ததாம். ஊதினான், ஆனால் சீட்டு வரவில்லை. ரத்தமும் எடுக்கவில்லை. டாக்டர் பார்த்து மது வாடை அடிக்கிறது என்று எழுதியதோடு சரி. அவனுடைய வக்கீல் சமீபத்தில் ஹைக்கோர்ட்டில் வந்த தீர்ப்புகளை எடுத்துக் காட்டினாராம். வாயில் வாடை வந்தது என்பதற்காக ஒருவன் போதையில் ஓட்டினான் என்று சொல்லிவிட முடியாது, மிஷின் சீட்டோ ரத்தப் பரிசோதனையோ வேண்டும் என்று. குடித்து ஓட்டிய குற்றத்திலிருந்து அவனை விட்டுவிட்டார்கள். கவனமில்லாமல் ஓட்டியதற்கு மட்டும் அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

"நாசமாப் போக! ஊரே மோந்து பாத்துச்சுங்களே!" என்று நான் வக்கீல் ஆபீசில் கத்தினேன்.

"அம்மா, கோவப்படாதீங்க. ஒரு விதத்தில இது நமக்கு நல்லது" என்றார் அவர். "வாடை ஆதாரம் ஆகாதுன்னா அவனுக்கும் ஆகாது, உங்க வீட்டுக்காரருக்கும் ஆகாது. அதே தீர்ப்பை நாம நஷ்டஈட்டு கேஸில காட்டுவோம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன். நஷ்டஈட்டு கேஸில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அடிபட்ட ஆளும் குடித்திருந்தான், அதனால் தப்பில் பாதி அவனுடையது. பணத்தில் பாதி போகிறதே என்ற கவலை எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். மருந்து வாங்க வேண்டும், கை பழக்கிவிட ஆள் வர வேண்டும். ஆனாலும் அதைவிட எனக்கு வேண்டியிருந்தது இன்னொன்று. இந்த மனுஷன் குடிக்கவில்லை என்று ஒரு கோர்ட் ஒரு காகிதத்தில் எழுத வேண்டும். அவரால் தன் வாயால் சொல்ல முடியாது. அவருக்கு அந்த நாளே இல்லை. அவருக்காகச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

எங்களுக்குச் சாட்சி சொல்ல அன்று காலை அவர் கூடவே இருந்த மரமேறி ஒருவர் ஒத்துக்கொண்டார். வயசான ஆள். சமனில் சொன்ன நாளன்று மரம் ஏறி இறங்கி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே கிளம்பி வந்துவிட்டார். கோர்ட் வாசலில் நான் அவரைப் பார்த்தபோதே வாடை மூக்கில் ஏறியது. கூண்டில் ஏறினதும் பெஞ்ச் கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி. மரத்துல இருந்து நேரா வாறனுங்க. இது மேல வழிஞ்சதுங்க" என்றார் மரமேறி, பயந்துபோய், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். இதுதான் எங்கள் கேஸ், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தொழிலே இப்படி, குடிக்காதவர் மேலும் வாடை அடிக்கும், இதோ கண் முன்னால் நிற்கிறது என்று படபடவென்று சொன்னார். மூன்று தடவை அலசி நான் தொலைத்த வாடை, தெய்வமே பார்த்துத் திருப்பி அனுப்பின மாதிரி கூண்டில் ஏறி நிற்கிறது என்று நினைத்தேன்.

ஜட்ஜ் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, நல்லபடியாகவே சிரித்தார். வாடையையெல்லாம் கோர்ட் ரெக்கார்டில் எழுத முடியாது வக்கீலே, சாட்சியை இன்னொரு நாள் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு டாக்டர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன வாடையை ஒரு கோர்ட்டால் எழுத முடியாதாம். அடுத்த வாய்தாவுக்கு மரமேறி குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சோப்பு வாசனை அடித்தது. அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நீங்கள் குடிக்கிற ஆளா என்று எதிர் வக்கீல் கேட்டார். "எப்பவாச்சுமுங்க" என்று உண்மையைச் சொன்னார் மரமேறி. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு என்னை ஏற்றினார்கள். எதிர் வக்கீல் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன். புருஷன் என்ன வேலை என்றார். சொன்னேன். இருபது வருஷம் கள்ளோடு இருக்கிற ஆள் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றேன். வாடை சட்டையிலிருந்து வந்தது என்கிறீர்கள், அந்தச் சட்டை எங்கே என்றார். நான் எங்கள் வக்கீலைப் பார்த்தேன்.

"சொல்லுங்க, எங்கே?"

"தொவைச்சுட்டனுங்க."

"எப்போது?"

"அன்னைக்கேங்க. ஆஸ்பத்திரியிலயே."

"புருஷனுக்கு உள்ளே ஆபரேஷன் நடக்கிறது, நீங்கள் வெளியே சட்டை துவைத்தீர்களா? மறைக்க ஒன்றும் இல்லையென்றால் அவ்வளவு அவசரம் எதற்கு?"

வெக்கமா இருந்துச்சுங்க என்று சொன்னேன். எதற்கு வெட்கம் என்றார். ரத்தம் பட்ட துணியை வேறு என்ன செய்வார்கள், உன் வீட்டில் துவைக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா என்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது நூறு பதில் வந்தது. அங்கே நின்றபோது ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

தீர்ப்பு வந்தது. வக்கீல் எனக்குப் படித்துச் சொன்னார். தப்பு பெரும்பாலும் கார்க்காரனுடையது, ஆனாலும் அடிபட்டவர் பேரிலும் ஒரு பங்கு உண்டு என்று எழுதி அதைக் கழித்திருந்தார்கள். வாடை மட்டும் என்றால் போதாதாம். வாடையும் இருந்தது, கள்ளுத் தொழிலும் இருந்தது, பரிசோதிக்க வேண்டிய சட்டையை மனைவியே அன்றைக்கே துவைத்துவிட்டார் என்பதும் இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்களாம். அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் படிக்கவில்லை. காகிதத்தை மடித்துவிட்டார்.

"அப்பீல் போகலாம்மா" என்றார். "அடிபட்டவர் விஷயத்திலயும் வாடை மட்டும் போதாதுன்னு இப்பத்தான் தீர்ப்பெல்லாம் வந்துக்கிட்டிருக்கு. மேல நிச்சயமா நிக்கும். நாலஞ்சு வருஷம் ஆகும், அவ்வளவுதான்."

மகளுக்கு போனில் சொன்னேன். "விடும்மா. கெடைச்சதை வாங்கிக்கிட்டு அப்பாவைப் பாரு. அவரு குடிக்கலைன்னு நமக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். தெரிய வேண்டிய ஒருத்தருக்குத் தெரியவில்லையே, அதற்கு என்ன செய்ய?

இந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் பேச்சு அது ஒன்றுதான். வக்கீல் போன் பண்ணினால் குடி, பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தால் குடி. அவர் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் நிற்காத அந்த மண்டையில் அது மட்டும் எப்படி நின்றதோ. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நான்... குடிச்சிருந்தனா, அம்மிணி?" என்று கேட்டார். "ஐயோ, இல்லீங்க. நீங்க தொட்டதே இல்லீங்க" என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அதிலிருந்து தினமும். சில நாள் மூன்று தடவை. நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, என் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். தன் மனசு நோகக் கூடாது என்று இவள் மறைக்கிறாள் என்று நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கோர்ட்டில் பார்த்த அந்தச் சின்னச் சிரிப்பு மட்டும்தான் அவர் முகத்தில் இல்லை. அதற்குப் பதில் பயம் இருந்தது. நான் அழுத்திச் சொன்னால் கை நடுங்கும், இரண்டு தடவை வலிப்பே வந்துவிட்டது.

நான் போடச் சொன்ன அப்பீலை மேல் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள் என்று வக்கீல் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம், அவரை வெளிக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே வெந்நீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இடது கையாலேயே சட்டையைக் கழற்றிவிட்டிருந்தார். காலையில் நான் போட்டுவிட்ட வெளுத்த சட்டை. அதைக் கல்லின் மேல் எறியப் பார்த்திருக்கிறார், காலடியில் விழுந்து கிடந்தது.

"நாறுதா, அம்மிணி?"

"இல்லீங்க."

"நாறுது. எனக்குத் தெரியுது." என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. "நான் குடிச்சதுனாலதான் உனக்கு... இத்தனை கஷ்டம். கோர்ட்டு, கேஸு... இனிமேப்பட்டுத் தொட மாட்டன். இந்த ஒருக்கா மன்னிச்சுக்க."

இல்லீங்க என்றுதான் வாய் திறந்தேன். அவர் கை நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் கூண்டிலும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காததை, அந்தக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து விட்டுக்கொடுத்தேன்.

"சரிங்க" என்றேன். "போனது போகட்டுமுங்க. இனிமே குடிக்காம இருங்க."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். கை நடுக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்று வரை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.